சாசனங்களுக்கு முந்திய சரித்திரம்

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் போர்த்துக்கேயரின் கோட்டையோடு தொடங்குவர். சற்று முயல்பவர்கள் அராபிய வணிகரின் காலத்துக்குச் செல்வர். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள வுல்பெண்டால் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டால், ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் முடித்தனர் என்ற விடை உடனே கிடைக்கும். ஏறத்தாழ ஐந்து அடி தடிப்புள்ள அதன் சுவர் எதனால் ஆனது என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வாறு கேட்போமாயின், நூற்றாண்டுக் கணக்கு நமக்கு உதவாமற் போய்விடுகிறது. ஏனெனில் அச்சுவரின் பெரும்பகுதி கபோக்கல்.

கபோக் என்று கொழும்பு மக்கள் வழங்கும் அச்செந்நிறக் கல் பிறப்பாற் கல்லன்று, மண். இத்தீவின் அடித்தளமாக உள்ள பழைய பளிங்குருப் பாறை, வெப்பமும் பெருமழையும் பொருந்திய காலநிலையில் இருந்த இடத்திலேயே உக்கியது. கரையக்கூடிய உப்புகளையும் சிலிக்காவையும் மழைநீர் கழுவிச் சென்றது. இரும்பும் அலுமினியமும் தங்கின. மாரியில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் வந்த நிலத்தடி நீர், இரும்பை ஓரிடத்திற் கரைத்து மற்றோரிடத்திற் படியவைத்தது. கல்லில் நாம் காணும் செம்மை, மஞ்சள், வெண்மைப் புள்ளிகள் யாவும் அந்த ஏற்ற இறக்கத்தின் எழுத்துக்களே. நிலத்தினுள் இருக்கும்போது மண்வெட்டிக்கு இணங்கும் இப்பொருள், வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் இறுகிவிடுகிறது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலக் கம்பனி உத்தியோகத்தர் மலையாளக் கரையில் இதனைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லற்றரைற்’ என்ற பெயரை ஆக்கி, 1807இல் வெளிவந்த தம் நூலில் அறிமுகஞ் செய்தார். அறிவுலகம் பெயரிட்டவரை நினைவு கூர்கிறது. அவருக்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே அதன் இயல்பறிந்து வெட்டி அடுக்கிய கூலியாட்களுக்கு அந்த நினைவில் இடமில்லை.

ஆகவே, கொட்டாஞ்சேனையின் பழஞ்சுவர் ஒன்று ஒல்லாந்தரின் சாட்சி மட்டுமன்று; எத்தனையோ ஆயிரமாண்டு மழையின் சாட்சியுமாகும். மண்ணும் படிவுப் பாறையும் காலநிலைக்குச் சாட்சி கூறும் என்ற இக்கருத்து எளிமையானது. வெள்ளவத்தைக் கடலோரத்தில் அலை பின்வாங்கும்போது மணலில் வரிவரியான தடம் விழுவதையும், வற்றிய குளத்தின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதே வரி ஒரு பாறையினுள் தென்படுமாயின் அங்கே அலை வீசியது. அதே வெடிப்புத் தென்படுமாயின் அங்கே நீர் வற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஹட்டன் வற்புறுத்திய முறை இதுவே. இன்று நம் கண்முன் நிகழும் செயல்களைக் கொண்டே அன்று நிகழ்ந்தவற்றை விளக்கவேண்டும் என்றார் அவர். தெய்வச் சீற்றத்துக்கோ புராணப் பிரளயத்துக்கோ அதில் வேலையில்லை.

இம்முறையை இலங்கைக்குப் பிரயோகித்தோருள் முதன்மையானவர்களில் ஒருவர், குடியேற்ற அரசின் கனியவள ஆய்வாளராகப் பணியாற்றிய ஈ. ஜே. வெயிலண்ட். புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவவில் அவர் சேகரித்த இலைப்பதிவுகளை சிவாட், ஹொல்ற்றம் என்னும் தாவரவியலாளர் இருவர் ஆராய்ந்து 1922இல் வெளியிட்டனர். அவை யூராசிக் காலத்துப் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் சைக்கசை ஒத்த செடிகளுமாம். இன்று முள்மரக்காடாக வறண்டு கிடக்கும் அந்நிலத்தில், இந்தியாவும் இலங்கையும் கொண்டுவானாப் பெருங்கண்டத்தின் பகுதிகளாக இருந்த காலத்தில், நன்னீர்ப் படுகைகளும் பசுங்காடும் இருந்தன என்பது அவற்றாற் பெறப்படும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ பிற்பட்டது. மயோசின் காலத்து ஆழங்குறைந்த வெங்கடலின் தரை அது. கிணறு வெட்டுவோர் கல்லிடுக்கிற் காணும் சிப்பிகள் அக்கடலின் குடிகள்.

மனிதன் தோன்றிய பின்னரான காலத்துக்கு வரும்போதுதான் இந்த ஏட்டை வாசிப்பது நம் அனைவருக்கும் உரிய அலுவலாகிறது. வன்னியின் இரணைமடுப் பகுதியைப் பார்த்தவர்கள் அங்குள்ள செம்மண்ணை மறக்கமாட்டார்கள். புவிச்சரிதவியலார் இதனை இரணைமடுப் படிவம் என்பர். இத்தகைய செம்படிவுகள் உலர்வலயக் கரையோரத்தின் பல இடங்களிலும், தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கத்தில் பூந்தல வரையிலும் காணப்படுகின்றன. அடியிற் சரளைக்கல், மேலே காற்று வாரிக் குவித்த மணல். சரளையை உருட்ட நீரின் வேகம் வேண்டும். மணலை ஒரே பருமனாகத் தெரிந்து குவிக்கக் காற்று வேண்டும். குவிந்த மணல் நீண்டகாலம் அசையாது கிடந்து, அதன் ஒவ்வொரு மணியையும் இரும்புத் துரு போர்த்திய பின்னரே அது சிவக்கும். மூன்று காலநிலைகள் ஒரே குழியின் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்று இதனைச் சொல்லலாம்.

அதற்குள்ளேதான் மனிதன் செதுக்கிய கற்கருவிகளும் கிடக்கின்றன. 1919இல் வெயிலண்ட் இத்தீவின் கற்காலங்களைப் பற்றி எழுதியபோது அவற்றின் வயதைக் கணிக்க வழியிருக்கவில்லை. பிற்காலத்தில் வெப்ப ஒளிர்வு முறை வந்தது. வெயில் பட்ட மணல்மணி தன்னுள் தேங்கிய சக்தியை இழந்துவிடும். புதையுண்டபின் சுற்றுமண்ணின் கதிரியக்கத்தால் அச்சக்தி மீண்டும் சிறிது சிறிதாகச் சேரும். ஆய்வுகூடத்திற் சூடேற்றும்போது அது ஒளியாக வெளிப்படும். அவ்வொளியின் அளவே மணி இருளிற் கிடந்த காலத்தின் அளவு. இத்தகைய ஆய்வுகளைத் துணைக்கொண்டு, பூந்தலக் கரையில் சுமார் 125,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தனர் என்று சிரான் தெரணியகல முடிவு கண்டார். அவரது பெருநூல் 1992இல் வெளிவந்தது.

இனி, பாக்கு நீரிணையின் மறுகரையைப் பார்ப்போம். திருநெல்வேலிக் கரையோரத்துத் தேரி என்னும் செம்மணற் குன்றுகளிலும் நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. சொய்னரும் ஓல்ச்சினும் 1956இல் அவற்றை விரிவாக ஆராய்ந்தனர். இரு கரையிலும் காற்றுக் குவித்த செம்மணல். இரு கரையிலும் அம்மண்ணில் நுண்கருவிகள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் மிகுதியான பங்கு பனிக்கட்டியாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றையதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ மிகச் சொற்பம். ஆதலின் அன்று அது நீரிணையே அன்று; மானும் மனிதனும் நடந்து திரிந்த சமவெளி. இலங்கை இறுதியாகத் தனித்தீவானது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

இந்த நாட்டில் முதலில் வந்தவர் யார் என்ற வாதம் வெறும் ஏட்டு வாதமாக இருந்ததில்லை. அது மேடைகளில் முழங்கியது, பாடப்புத்தகங்களில் ஏறியது, 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது, தீயிட்டோர் பலரின் நெஞ்சில் அந்த வாதமும் இருந்தது. தமிழர் தரப்பிலும் ‘நாமே முந்தியோர்’ என்று மார்தட்டிய பேரறிஞர்களுக்குக் குறைவில்லை. பூந்தலச் சரளையிற் கருவி செதுக்கியவன் எந்த மொழியைப் பேசினான் என்று எந்தப் படிவும் சொல்லாது. இன்றுள்ள எந்த மொழியும் அன்று தோன்றியிருக்கவில்லை. வருவதற்குக் கடலே இல்லாத காலத்தில் ‘கடல் கடந்து வந்தவர்’ என்ற தொடருக்குப் பொருளும் இல்லை.

இரத்தினபுரிக்குச் சென்றால் இக்கதை இன்னும் சுவையாகிறது. அங்கே மாணிக்கக் குழிகளில் இடுப்பளவு சேற்றில் நின்று ‘இல்லம்’ என்னும் சரளையை அள்ளும் தொழிலாளர், கல்லோடு சேர்த்து எலும்பையும் பல்லையும் அள்ளினர். நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல (சிரானின் தந்தை) அவற்றைத் தேடிச் சேகரித்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் இத்தீவில் உலவின என்று அவற்றால் அறிந்தோம். நீர்யானைக்கு வற்றாத நீர்நிலையும் மேய்வதற்குப் புல்வெளியும் வேண்டும். இன்றைய அடர்காட்டை மட்டும் கொண்டு அந்நிலத்தைக் கற்பனை செய்ய முடியாது. குருவிட்டப் பகுதியிற் கிடைத்த இரு பற்களைக் கொண்டு 1939இல் சிங்கமொன்றையும் அவர் விவரித்தார். சிங்கம் திறந்த வெளியின் விலங்கு. அதே குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையில் 1982இற் கிடைத்த விரலெலும்பு ஒன்று புலியினுடையதென்று 2005இல் அறிவிக்கப்பட்டது. அதன் வயது சுமார் 16,500 ஆண்டு. சிங்கத்தையும் புலியையும் கொடியில் ஏற்றி நாம் பட்ட பாடு உலகறியும். குருவிட்ட மண்ணில் இரண்டும் ஒருசில பற்களாகவும் ஒரு விரலெலும்பாகவும் கிடந்தன. காலநிலையும் காடும் மாறின, இரண்டும் அழிந்தன.

மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பில் புதையுண்ட மகரந்த மணிகளோ, கடந்த 24,000 ஆண்டுக் காலநிலையை அடுக்கடுக்காகக் கூறுகின்றன. பனியுகத்தின் உச்சத்தில் அங்கே வறட்சி ஓங்கியிருந்தது. பின்னர் பருவக்காற்று வலுப்பெற மழைக்காடு விரிந்தது. நமது நெல்லும் தேயிலையும் நம்பியிருக்கும் மழை நிலையான ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடலும் அவ்வாறே. ஹிக்கடுவைக்கு அருகே அக்குரலவில், தரைக்குள்ளே பவளப்பாறை இருக்கிறது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதிலும் சற்று உயர்ந்து உள்ளே வந்திருந்த காலத்தின் எச்சம் அது. வேறு பிழைப்பில்லாத ஏழைகள் அதனைத் தோண்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். அவர்களைக் குறை கூறுவது எளிது. அச்சுண்ணாம்பை வாங்கி மாளிகை கட்டியவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஏட்டை வாசிக்குமுன் அதனைக் கிழித்தெறியும் தொழிலில் கொழும்பு எப்போதும் முன்னணியில் நின்றிருக்கிறது. இந்நகரின் குப்பை நெடுங்காலம் கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது; சேரிவாசிகளின் கூரைக்கு மேலாக உயர்ந்தது. பின்னர் மீதொட்டமுல்லைச் சதுப்பிற் குவிந்தது. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏழை உயிர்களை மூடியது. மென்சேற்றின் மீது பெருஞ்சுமை ஏற்றினால் அது வழுகும் என்பதை எந்தப் புவிச்சரிதவியல் மாணவனும் சொல்லியிருப்பான். குப்பையைப் புகைவண்டியில் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்பவும் திட்டமிட்டனர். புத்தள மக்கள் வீதிக்கிறங்கி எதிர்த்தும் பயனில்லை. தெரிந்தெடுக்கப்பட்ட இடம் அறுவாக்காடு. சீமந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்து முடித்த பழைய குழி. அக்குழியின் சுவர், யாழ்ப்பாணத்துக் கிணறுகளிற் காணும் அதே மயோசின் கடலின் தரை. அங்கே சிப்பிகளும் கடற்பிராணிகளின் எலும்புகளும் இறுகிக் கிடக்கும் அடுக்கின் மேல், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் எறிந்த பிளாஸ்ரிக் பைகள் அடுத்த அடுக்காகப் படிந்தன.