ரோமில் ஒரு தமிழர் அடித்த கோல்



பெரம்பலூரிலும் அரியலூரிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், மெஸ்ஸி பெயரைச் சொல்வார்கள். சைமன் சுந்தரராஜைத் தெரியுமா?

தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்த முன்கள ஆட்டக்காரர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். நம் அணி ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 1-3 என்று தோற்றபோது, நம் கணக்கில் வரவான ஒரே கோல் சைமனுடையது. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

பிறகு பயிற்சியாளரான அவர், 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வென்று தந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த கோலை அவர்கள்தான் அடிக்க வேண்டும்.