தன்னார்வப் பணியும் தொலைநோக்கும்
விக்கிப்பீடியாவின் கணினி அமைப்பு வளர்ந்த வரலாறு

வணிக நிறுவனமொன்று தன் கணினி அமைப்பை விரிவுபடுத்த எண்ணும்போது அதற்கு மூன்று வாய்ப்புகள் உள. எதிர்வரும் ஆண்டின் வருமானத்தை அது கணக்கிடலாம். வாடிக்கையாளர் தொகையை ஓரளவு மதிப்பிடலாம். ஊழியருக்கு வேலையைப் பகிர்ந்தளித்துக் காலக்கெடு விதிக்கலாம். தன்னார்வத் தொண்டரால் நடத்தப்படும் இணையச் சமூகமொன்றுக்கு இம்மூன்றும் இல்லை. அதன் வளர்ச்சி எவரும் கட்டளையிட்டு வருவதன்று. அதற்கு வேண்டிய பொருள் நன்கொடையாகவும், உழைப்பு ஓய்வுநேரப் பணியாகவுமே கிடைக்கின்றன. இத்தகைய சமூகத்தில் நீண்டகாலத் திட்டமிடல் என்பதற்குப் பொருள் யாது? விக்கிப்பீடியாவின் முதற் பதினைந்தாண்டு வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றது.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர், 2000ஆம் ஆண்டில், ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் நியூபீடியா என்னும் கலைக்களஞ்சிய முயற்சியை ஆரம்பித்திருந்தனர். அறிஞர் எழுதி, அறிஞர் ஆராய்ந்து, ஏழு படிகளைக் கடந்த பின்னரே அதில் ஒரு கட்டுரை வெளிவரும். திட்டத்தில் அது குறைவற்றதாயினும், 2003இல் மூடப்படும் வரையில் அதில் நிறைவுற்ற கட்டுரைகள் ஏறத்தாழ இருபத்தைந்தே. அதன் துணை முயற்சியாகத் தோன்றிய விக்கிப்பீடியாவோ முதலாண்டின் இறுதியில் 20,000 அளவிலான கட்டுரைகளையும் 18 மொழிப் பதிப்புகளையும் கொண்டிருந்தது. முன்கூட்டியே முற்றும் வகுத்த திட்டம் தேங்கியதும், வகுக்கப்படாதது பெருகியதும் இவ்வரலாற்றின் முதற் பாடமாகும்.

ஆயினும், அப்பெருக்கத்தைத் தாங்கும் கருவி அன்று இருக்கவில்லை. தொடக்கத்தில் பயன்பட்ட யூஸ்மொட்விக்கி என்னும் மென்பொருள் பேர்ள் மொழியில் எழுதப்பட்டது; தரவுத்தளம் எதுவுமின்றிப் பக்கங்களைக் கோப்புகளாகச் சேமித்து வைப்பது. சிறு குழுவொன்றின் குறிப்பேட்டுக்கு அது போதுமானதாயினும், ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு ஏற்றதன்று. ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழக மாணவரான மக்னஸ் மான்ஸ்கே, பி.எச்.பி. மொழியையும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையும் கொண்டு புதிய மென்பொருளை எழுதினார். 2002 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் வசதிகள் பெருகியமையால் தரவுத்தளத்தின் சுமையும் பெருகிற்று. நெருக்கடி மிகுந்த வேளைகளில் சில வசதிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆறு மாதங்களின் பின், அதே ஆண்டு ஜூலையில், லீ டானியல் குரொக்கர் மீண்டும் எழுதிய வடிவம் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர்பெற்ற மென்பொருளுக்கு இதுவே அடிப்படையாகும். பதினெட்டு மாதங்களுள் மென்பொருள் இருமுறை மாற்றப்பட்டதைத் தொலைநோக்கின்மை எனச் சிலர் கொள்ளலாம். எழுதுவோர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கையிலேயே அடித்தளம் மாற்றப்பட்டது என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மென்பொருளை விடப் பெரிய சிக்கல் பணமாகும். தொடக்கத்தில் வழங்கிக் கணினியும் இணைய இணைப்பும் வேல்சின் பொமிஸ் நிறுவனத்தின் செலவில் இயங்கின. விளம்பரங்கள் மூலம் இச்செலவை ஈடுசெய்யலாம் என்ற கருத்து 2002இன் தொடக்கத்தில் எழுந்தபோது, ஸ்பானிய மொழித் தொண்டருட் பலர் அதனை ஏற்கவில்லை. ஊதியம் கருதாது தாம் எழுதுவது பிறரது இலாபத்துக்குத் தளமாகும் என அவர்கள் அஞ்சினர். அவ்வாண்டு பெப்ரவரியில் அவர்கள் பிரிந்து சென்று, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் 'என்சிக்ளோபீடியா லிப்ரே' என்னும் தனிக் களஞ்சியத்தை நிறுவினர். கட்டுரைகள் யாவும் எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தின் கீழ் இருந்தமையால் அவற்றைத் தம்முடன் கொண்டு செல்லவும் அவர்களால் இயன்றது.

இப்பிரிவு உணர்த்திய உண்மை ஆழமானது. தன்னார்வச் சமூகத்தின் முதன்மையான மூலதனம் கணினியன்று, தொண்டரின் நம்பிக்கையே. கணினியை வாங்கும் வழி அந்நம்பிக்கையைக் குலைக்குமாயின் வாங்கிய கணினியால் பயனில்லை. 2002 ஓகஸ்டில், விளம்பரம் இடம்பெறாது என்ற அறிவிப்புடன், தளத்தின் முகவரி வணிகத்தைக் குறிக்கும் '.கொம்' என்பதிலிருந்து '.ஓர்க்' என்பதற்கு மாற்றப்பட்டது. 2003 ஜூன் 20ஆம் நாள் இலாபநோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. கணினி அமைப்பின் எதிர்காலத்தை நிர்ணயித்தவற்றுள் இவ்விரு நிகழ்ச்சிகளும் முதன்மையானவை எனலாம்.

நிறுவன அடிப்படை உறுதியானபின் தொழினுட்ப விரிவு விரைந்தது. 2003இல் இரண்டாவது கணினி சேர்க்கப்பட்டு, பக்கங்களை வழங்கும் பணியும் தரவுத்தளப் பணியும் பிரிக்கப்பட்டன. பழைய கலைக்களஞ்சிய ஆசிரியர்களின் நினைவாக அவற்றுக்குப் பிளினி, லாரூஸ் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் பழுது நேர்ந்து தளம் முடங்கியதும், வாசகரிடம் நன்கொடை கோரப்பட்டது. அவ்வுதவியால் 2004இன் முற்பகுதியில் புளோரிடா மாநிலத்தின் தம்பா நகரில் ஒன்பது புதிய கணினிகள் நிறுவப்பட்டன.

அவ்வமைப்பின் உட்கருத்து நுணுகி நோக்கற்பாலது. கலைக்களஞ்சியத்தை வாசிப்போர் பலர், திருத்துவோர் சிலர். எனவே ஒருமுறை உருவாக்கிய பக்கத்தின் படியை ஸ்குவிட் என்னும் இடைச்சேமிப்பு மென்பொருள் வைத்திருந்து, அடுத்துவரும் வாசகருக்கு நேரே வழங்கிற்று. திருத்தங்கள் மாத்திரம் தலைமைத் தரவுத்தளத்தைச் சென்றடைந்தன. அதன் படிகளைத் தாங்கிய துணைத் தரவுத்தளங்கள் ஏனைய வினாக்களுக்கு விடையளித்தன. 2005 ஜனவரியில் தம்பாவில் 39 கணினிகள் இயங்கின. அவற்றுள் 21 வலை வழங்கிகள், 7 இடைச்சேமிப்புக் கணினிகள். விலையுயர்ந்த பேரியந்திரம் ஒன்றை வாங்காது மலிவான கணினிகள் பலவற்றைக் கட்டற்ற மென்பொருளால் இணைத்தமை, நன்கொடையில் வாழும் சமூகத்துக்கு மிகப் பொருந்திய முறையாகும். சிறு தொகை சேருந்தோறும் சிறு விரிவைச் செய்யலாம். எதிர்காலத் தேவையை முழுமையாக அறிந்திருக்க வேண்டியதில்லை.

எனினும், இவ்வமைப்பின் குறையும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. 2005 பெப்ரவரியில் தம்பா நிலையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது கணினிகள் யாவும் ஒருங்கே நின்றன. மின்சாரம் மீண்ட பின்னரும் தரவுத்தளங்கள் பல பழுதுற்றிருந்தமையால், நற்படியைக் கண்டு ஏனையவற்றுக்கு நகலெடுத்துத் தளத்தை வழமைக்குக் கொணர நெடுநேரம் சென்றது. கணினிகள் பலவாயினும் இடம் ஒன்றே என்பது அப்போது புலனாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரளவில் புளோரிடா, ஆம்ஸ்ரடாம், பாரிஸ், சியோல் ஆகிய நான்கு இடங்களில் ஏறத்தாழ 100 கணினிகள் இயங்கின. ஆயின் வெளிநாட்டு நிலையங்கள் பக்கங்களின் படிகளையே வழங்கின. தலைமைத் தரவுத்தளம் தம்பாவிலேயே இருந்தது. 2013 ஜனவரியில் அது வேர்ஜீனியாவின் ஆஷ்பேர்ன் நகருக்கு மாற்றப்பட்டது. 2016 ஏப்ரலிலேயே தளம் முழுவதையும் டெக்சாஸிலுள்ள இரண்டாவது நிலையத்திலிருந்து இயக்கும் பரீட்சை நடத்தப்பட்டது. 2005இல் உணர்ந்த குறைக்கு முழுமையான மாற்றுக் காணப் பதினோராண்டு சென்றது. அன்றாடச் சுமையைத் தாங்கக் கணினி வாங்குவதற்கு ஊக்கம் எளிதிற் பிறக்கும். என்றோ நேரக்கூடிய இடருக்காக இன்னொரு நிலையத்தை அமைத்து வாளாவிருக்க விடுவதற்கு அது எளிதிற் பிறப்பதில்லை.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கியது. ஆங்கிலப் பதிப்பு யுனிகோட் முறைக்கு 2005இலேயே மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே பிற எழுத்துமுறைகளுக்கு அம்முறை அமைப்பில் இடம்பெற்றிருந்தமையால் தமிழ்த் தொண்டர் தமக்கெனக் கணினியோ மென்பொருளோ தேட வேண்டியிருக்கவில்லை. எழுதுவதே அவர்தம் பணியாயிற்று. பெரும் மொழியொன்றின் தேவைக்கு மட்டும் அமைப்பு வகுக்கப்பட்டிருப்பின் சிறுபான்மைப் பதிப்புகள் பல தோன்றியே இரா.

தொகுத்து நோக்குமிடத்து, இச்சமூகத்தின் தொலைநோக்கு வருங்கால வாசகர் தொகையை எண்ணிக் கூறியதில் இல்லை. அதனை எவரும் சரியாகக் கூறியிருக்க இயலாது. பகுக்கத்தக்க அமைப்பு, எவரும் திருத்தத்தக்க மென்பொருள், பிரிந்து செல்லும் உரிமை, விளம்பரத்தை நாடாத நிதிமுறை ஆகியவற்றைத் தேர்ந்தமையிலேயே அது அமைந்தது. அதன் தவறுகள், இடரை முன்னுணர்ந்தும் காலந்தாழ்த்தியமையில் அமைந்தன. தொண்டரை நம்பி இயங்கும் எந்நிறுவனமும் இவ்விரண்டையும் ஒருங்கே கற்றல் தகும்.