குடும்பநல வழக்கறிஞர்

குடும்பநல வழக்கறிஞர் என்பவர் மணமுறிவு, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்புரிமை, காப்பாளர் நியமனம் முதலிய வழக்குகளில் ஒரு தரப்பினருக்காக முன்னிலையாகும் வழக்கறிஞர் ஆவார். இந்தியாவில் இதற்கெனத் தனிப் பதிவு கிடையாது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன்படிப் பதிவு செய்த எவரும் இவ்வழக்குகளை நடத்தலாம்.

வழக்கிடும் இடம்

உள்ளூர் வழக்கறிஞரை அமர்த்துவது பயன்படுமா என்பது வழக்கு எங்கு நடைபெறும் என்பதைப் பொறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மனைவி தாம் வசிக்கும் இடத்திற்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். ஆகவே திருப்பூரிலோ சென்னையிலோ வாழ்ந்து, பின் பட்டாசுத் தொழிற்பகுதியான வெம்பக்கோட்டையில் உள்ள பிறந்த வீட்டிற்குத் திரும்பிய பெண், வழக்கிற்காக அந்நகரங்களுக்கு அலைய வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மாவட்டத் தலைநகருக்குச் சென்று தேடுவோர் உண்டு.

வழக்கறிஞரைக் கண்டறிதல்

இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. 2008-இல் இவ்விதி தளர்த்தப்பட்டு, பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, வழக்குத் துறை ஆகியவற்றை மட்டும் இணையத்தளத்தில் வெளியிட இசைவளிக்கப்பட்டது. தரவரிசையிட்டு வழக்கறிஞர்களைப் பரிந்துரைக்கும் இணையச் சேவைகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 சூலையில் தீர்ப்பளித்தது. எனவே நட்சத்திரக் குறிகளை நம்புவதினும், முன்பு வழக்கு நடத்தியவர்களை விசாரிப்பதே தக்கது.

இலவச சட்ட உதவி

கையில் பணமில்லை என்பதற்காகவே பலர் வழக்கைத் தள்ளிப்போடுகின்றனர். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறத் தகுதியுடையோர். தொழிற்சாலைத் தொழிலாளரும் இப்பட்டியலில் உள்ளனர். பட்டாசு ஆலைகளில் பணிபுரியும் ஆண்களுள் பலர் இதனை அறிந்திருப்பதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ விண்ணப்பிக்கலாம்; 15100 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம்.

வழக்கறிஞர் தேவைப்படாத நிலைகள்

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 13-ஆம் பிரிவின்படி, குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்துக்கொள்வது எவருக்கும் உரிமையன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அனுமதி பெரும்பாலும் கிடைக்கிறது. எனினும் தாமே வாதாட விரும்புவோரைச் சட்டம் தடுப்பதில்லை. ஆலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு முதலில் வேண்டிய வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகம் வழங்குகிறது. இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை.

கட்டணமும் ஆவணங்களும்

வக்காலத்தில் கையொப்பமிடுவதற்கு முன்பே கட்டணத்தை எழுத்தில் பெறுதல் நலம். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் அல்லது சொத்தில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. கட்டண நிலுவைக்காக வழக்குக் கட்டினை வழக்கறிஞர் நிறுத்திவைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆயினும் திருமணப் பதிவு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்படிகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நகல்களை அளிப்பதே பாதுகாப்பானது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் வருமானம், சொத்து பற்றிய உறுதிமொழி ஆவணம் அளிக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகும். கூலி வாரந்தோறும் ரொக்கமாக வழங்கப்படும் இடங்களில் கணவரின் வருமானத்தை மெய்ப்பிப்பது எளிதன்று. வருங்கால வைப்பு நிதி எண், வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றை முதற் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் தெரிவிப்பது வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.