உத்திரமேரூர்க் கல்வெட்டில் கணக்கர்

மாமல்லபுரம் பார்க்க வருகிற கூட்டத்தில் உத்திரமேரூர் வரை போகிறவர்கள் குறைவு. இன்று அது காஞ்சிபுரம் மாவட்டம். நமக்கு அது பழைய செங்கல்பட்டு ஜில்லாதான். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919, மற்றது 921. ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு குடத்திலிருந்து ஓலை எடுக்கச் சொன்ன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுபது வயது தாண்டிய இந்தக் குமாஸ்தாவுக்கு, ஓலை எடுத்த பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் ஆர்வம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. எல்லா வேலையையும் சபையே கூடிச் செய்வது நடக்கிற காரியமில்லை. எனவே சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் தனி. காலம் 360 நாள். நடுவில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம். இந்த ஏற்பாட்டைச் சபை செய்தபோது அரசனுடைய ஆணையும் வந்திருந்தது, அவனுடைய அதிகாரியும் உடனிருந்தார். சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கே இதில் இடம். இதை மக்களாட்சி என்று மேடையில் முழங்குவோர் அந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். புதுச்சேரிப் பக்கம் 1880இல் நகராட்சிகள் வந்தன. பிரெஞ்சு நகராட்சி முறையில் மேர், அதாவது மேயர், தன் வேலையில் ஒரு பகுதியை எழுத்து உத்தரவு போட்டுத் துணைவருக்குக் கொடுக்கலாம். ஆனால் மேற்பார்வையும் பொறுப்பும் மேருடையவை. உத்திரமேரூரில் பொறுப்பும் வேலையோடு சேர்ந்தே போயிற்று. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. அவன் மட்டுமா? தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தவன், மைத்துனன், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லோருக்கும் தடை. மருமகன் என்ன பாவம் செய்தான் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதே வீட்டார் மாறி மாறி வாரியத்தில் உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் மூடி மறைக்க முடியாது அல்லவா?

கணக்கருக்கும் விதி உண்டு. எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி, சுத்தமானவன் என்று ஆன பிறகே அவர் மறுபடி கணக்கு எழுதலாம். அவர் எழுதிய கணக்கை அவரேதான் காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து முடித்துவைக்கக் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாற்றலாகிப் போனவர் விட்டுச்சென்ற பதிவேடுகளை, புதிதாக வந்தவர் தலையில் கட்டி முடிக்கச் சொன்னார்கள். 921ஆம் ஆண்டு சபை அதற்கு ஒப்புக்கொண்டிருக்காது.