மாநாட்டுத் தொலைபேசி

மாநாட்டுத் தொலைபேசி என்பது ஓர் அறையில் கூடியிருக்கும் பலர், வேறு இடங்களில் உள்ளவர்களுடன் ஒரே அழைப்பில் கலந்து பேச உதவும் ஒலிபெருக்கித் தொலைபேசி ஆகும். பேச்சு வழக்கில் இது கான்ஃபரன்ஸ் போன் எனப்படுகின்றது. 1990இல் தொடங்கப்பட்ட பாலிகாம் நிறுவனம் 1992இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்டேஷன் என்னும் முக்கோண வடிவக் கருவி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது.

ஆய்வு நிலையங்களில்

தொலைவில் அமைந்த ஆய்வு நிலையங்கள் ஒன்றாக இயங்கப் பேச்சுத் தொடர்பு இன்றியமையாதது. ஈர்ப்பு அலைகளைக் கண்டறியும் லைகோவின் இரு நிலையங்களான ஹான்ஃபோர்டும் லிவிங்ஸ்டனும் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு மணி நேர வேறுபாட்டில் உள்ளன. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலை பதிவானபோது செருமனியில் இருந்த ஆய்வாளர்கள் இரு கட்டுப்பாட்டு அறைகளையும் தொலைபேசியில் அழைத்தனர். அங்கு அப்போது விடியவில்லை; லிவிங்ஸ்டன் மட்டுமே பதிலளித்தது.

எதிரொலி நீக்கம்

ஒலிபெருக்கியில் வரும் குரல் சுவர்களில் பட்டு மீண்டும் ஒலிவாங்கியில் நுழைந்தால், பேசியவருக்கே தம் குரல் சற்றுப் பிந்திக் கேட்கும். இதைத் தவிர்க்கப் பழைய கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே பேச விட்டன. குறுக்கிட்டவரின் சொற்கள் வெட்டுப்பட்டன. 1960களில் பெல் ஆய்வகத்தில் உருவான தகவமை எதிரொலி நீக்கம், எதிரொலியைக் கணித்து அதைக் குறிகையிலிருந்து கழிக்கின்றது.

ஒவ்வொரு கருவியும் காப்பது மறுமுனையில் உள்ளவரையே. எனவே உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால், பழுது பெரும்பாலும் எதிர் அறையில் உள்ளது. இதை அறியாமல் தம் கருவியையே திருகிக்கொண்டிருப்பவர் பலர்.

நிறுவுதல்

கருவியை மேசையின் நடுவில், ஒளிப்படக்காட்டி, மடிக்கணினி ஆகியவற்றின் விசிறி இரைச்சலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே நகர்த்தினால் எதிரொலியின் பாதை மாறிவிடுவதால், கருவி அதை மீண்டும் கற்கச் சில நொடிகள் ஆகும். ஒரே அறையில் இரு கருவிகளை ஒரே அழைப்பில் இணைத்தால் ஊளையொலி எழும்.

இரண்டு இடங்களுக்குச் சாதாரண அழைப்பே போதும். மூன்று இடங்களைச் சில கருவிகள் தாமே இணைக்கும்; ஆனால் இணைத்த நிலையத்தின் தொடர்பு அறுந்தால் கூட்டமே கலைந்துவிடும். அதனால் பல நிலையங்கள் பங்குபெறும்போது இணைப்புப் பாலம் பயன்படுத்தப்படுகின்றது. ஒவ்வொரு நிலையமும் கடவெண்ணுடன் இதை அழைக்கும். பாலம் ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த ஒலி நீங்கலாக ஏனையவற்றைக் கலந்து அனுப்பும். ஒரு நிலையம் அழைப்பைக் காத்திருப்பில் வைத்தால், அதன் காத்திருப்பு இசையை அனைவரும் கேட்க நேரிடும்! ஒலிவாங்கியை அணைப்பதே முறை.

சிக்கல்கள்

பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியையே கடத்துகின்றது. ஆங்கில எழுத்துகளான எஃப், எஸ் இரண்டையும் பிரித்தறியும் ஒலிக்கூறுகள் பெரிதும் இதற்கு மேல் உள்ளன. மாதிரிக் குறியீட்டைத் தவறாகக் கேட்டு எழுதினால் அளவீடே பிழையாகும். 1988இல் வெளியான ஜி.722 தரம் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துவதால் இக்குழப்பம் குறைகின்றது.

புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே ஒலி ஒரு திசையில் செல்லவே ஏறத்தாழ கால் நொடி ஆகும். 150 மில்லிநொடிக்குள் இருப்பது நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இத்தகைய இணைப்பில் இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிப் பின் இருவரும் நிறுத்துவது வழக்கம் என்பதால், தலைவர் பெயர் சொல்லி அழைப்பது நல்லது.

கோடைக்கால நேரமும் தொல்லை தருவது. அமெரிக்கா மார்ச்சு இரண்டாம் ஞாயிறிலும், ஐரோப்பா அம்மாதத்தின் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை மாற்றுகின்றன; இந்தியா மாற்றுவதில்லை. இடைப்பட்ட வாரங்களில் ஒரு நிலையம் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து சேர்வதைத் தவிர்க்க, அழைப்பு நேரத்தை ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்திலும் குறிப்பிடுவர்.