ஒரு குழந்தையும் ஒரு தேசத்தின் அமைதியும்

முதலாம் உலக யுத்தம் எங்ஙனம் மூண்டது என வினவினால், வரலாறு கற்கும் எந்த மாணவனும் சரயேவோ என்னும் நகரின் பெயரைக் கூறுவான். 1914 ஆம் ஆண்டு யூன் மாதம் 28 ஆம் நாள், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டும் அவருடைய மனைவியாரும் அந்நகரத் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆறு கிழமைகள் கழியுமுன் ஐரோப்பிய வல்லரசுகள் போர்க்களம் புகுந்தன. ஆனால், மறுநாட் காலைப் பத்திரிகையில் அச்செய்தியைப் படித்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தவர், அதனால் தம் வீட்டுப் பிள்ளையின் உயிர் போகும் என்று எண்ணியிருப்பரா? இவ்வினாவை இருபது ஆண்டுகளின் பின் மக்கள் முன் வைத்தது வரலாற்று நூலன்று, ஒரு திரைப்படம்.

1934 டிசெம்பரில் இலண்டனில் வெளியான அப்படத்தின் பெயரைத் தமிழில் ‘அளவுக்கு மிஞ்சி அறிந்த மனிதன்’ எனலாம். நெறியாளர் அல்பிரட் ஹிச்கொக். தயாரித்தது கோமண்ட் பிரிட்டிஷ் நிறுவனம். ஹிச்கொக் 1956 இல் அமெரிக்காவிலிருந்து இதே கதையை வண்ணத்தில் மீண்டும் படமாக்கினார். பலர் அறிந்தது பிந்திய படமே. எனினும், வரலாற்று நோக்குடையோர் முந்தியதையே கருத்தூன்றிக் காணல் வேண்டும்.

கதை எளியது. லோரன்ஸ் தம்பதியர் தம் மகள் பெற்றியுடன் சுவிற்சலாந்தின் பனிமலை நகரொன்றில் விடுமுறையைக் கழிக்கின்றனர். அங்கே அவர்தம் நண்பர் ஒருவர் நடனமாடிக்கொண்டிருக்கையிற் சுடப்படுகிறார். அவர் ஓர் உளவாளி. இறக்குந் தறுவாயில் அவர் கூறிய சொற்களைக் கொண்டு, சவரத் தூரிகையொன்றில் ஒளித்துவைத்த குறிப்பை லோரன்ஸ் கண்டெடுக்கிறார். இலண்டனிலே வெளிநாட்டு அரசியல்வாதி ஒருவரைக் கொல்லச் சதி நடக்கிறது என்பது அதன் பொருள். செய்தியை வெளியிடாதவாறு தடுக்கச் சதிகாரர் பெற்றியைக் கவர்ந்து செல்கின்றனர். வாய் திறந்தால் மகளை மீண்டும் காண முடியாது என்று எச்சரிக்கையும் வருகிறது.

தம்பதியர் நாடு திரும்புகின்றனர், மௌனங் காக்கின்றனர். அப்பொழுது வெளிநாட்டலுவலகத்து அதிகாரி ஒருவர் அவர்தம் இல்லத்துக்கு வந்து, சரயேவோவை நினைவூட்டுகிறார். பெயரறியா ஊரொன்றில், பெயரறியா மனிதன் ஒருவன், பெயரறியா மற்றொருவனைச் சுட்டான். விரைவில் இந்நாடு போரில் இறங்கிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதத்தை மறுத்தல் அரிது. ஆயினும் தாய்தந்தையர் வாய் திறந்தாரல்லர். அதிகாரியையும் நாம் குறை கூற முடியாது. பெற்றோரையும் குறை கூற முடியாது. படத்தின் உயிர்நிலை இவ்விடத்திலேயே உள்ளது.

அந்த வாதம் வெறுங் கற்பனையன்று. அவ்வாண்டு யூலை 25 ஆம் நாள் ஒஸ்திரியாவின் அரசுத் தலைவர் டொல்பஸ், வியன்னாவில் நாற்சிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 9 ஆம் நாள் யூகோசிலாவிய மன்னர் அலெக்சாந்தர், பிரான்சின் மார்சேய் துறைமுக நகரிலே கொலையுண்டார். அவருடன் வந்த பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் பார்த்தூவும் அந்தக் குழப்பத்தில் உயிரிழந்தார். இவ்விரண்டாம் நிகழ்ச்சி செய்திப்படக் கருவிகளிற் பதிவாகிப் பல நாடுகளிற் காட்டப்பட்டது. இரண்டு மாதங்களின் பின் ஹிச்கொக்கின் படத்தைக் காணச் சென்றவர்க்கு, திரையிற் குறிவைக்கப்பட்ட அரசியல்வாதி அந்நியராகத் தோன்றியிருக்க மாட்டார்.

படத்தை உருவாக்கியவருள்ளும் காலத்தின் வடு பட்டவர்கள் இருந்தனர். சதிகாரர் தலைவனாக நடித்த பீற்றர் லோரே யூதக் குடும்பத்தவர்; ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஆங்கிலம் நன்கு அறியாத நிலையிலும், தம் வசனங்களை ஒலியளவிற் கற்று நடித்தார் என்பர். ஒளிப்பதிவாளர் கூர்ட் கூறாந்தும் அவ்வாறே புலம்பெயர்ந்தவர். எனினும், சதிகாரர் எந்நாட்டவர் என்பதைப் படம் கூறவில்லை. பிறநாட்டு அரசியலைத் திரையிற் பேசுவதை அக்காலப் பிரித்தானியத் தணிக்கையாளர் விரும்பாமையை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

இறுதியில் வரும் துப்பாக்கிச் சமருக்கும் ஒரு வரலாறுண்டு. 1910 டிசெம்பரில், கிழக்கு இலண்டனின் ஹவுண்ஸ்டிச் பகுதியில் நகைக்கடையொன்றை உடைக்க முயன்ற கூட்டத்தினர் பொலிசார் மூவரைக் கொன்றனர். 1911 ஜனவரி 3 ஆம் நாள், அக்கூட்டத்தவர் இருவர் சிட்னி வீதி வீடொன்றில் முற்றுகையிடப்பட்டனர். இராணுவ வீரர் வரவழைக்கப்பட்டனர், உள்நாட்டமைச்சராயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் நேரில் வந்து நின்றார், வீடு தீப்பற்றி எரிந்தது, இருவரும் மாண்டனர். அந்நிகழ்ச்சியை ஹிச்கொக் திரைக்குக் கொணர விழைந்தபோது, தணிக்கையாளர் தடை கூறினார். பொலிசார் ஆயுதம் பழகாதவர் என்பது தோன்ற, துப்பாக்கிகளை அயலிலுள்ள கடையிலிருந்து எடுத்து வருவதாகக் காட்டினாலே அனுமதி என்றாராம். பிற்காலத்தில் ஹிச்கொக்கே இதனைக் கூறியுள்ளார். ஒரு நாடு தன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தை இச்சிறு செய்தி நன்கு புலப்படுத்துகிறது.

இனி, படத்தின் உச்சக் கட்டத்துக்கு வருவோம். றோயல் அல்பேட் மண்டபத்தில் இசைநிகழ்ச்சி நடக்கிறது. இசை மிகவோங்கும் கணத்திற் கொலையாளி சுடுவான்; ஓசையில் வெடியொலி மறைந்துபோகும். அவையில் அமர்ந்திருக்கும் தாய் இதனை உணர்கிறாள். பேசினால் மகள் இறப்பாள். பேசாவிடின் முன்பின் அறியாத ஒருவர் இறப்பார். அவள் வீறிட்டு அலறுகிறாள். குறி தவறுகிறது, அரசியல்வாதி காயத்துடன் தப்புகிறார்.

அதிகாரியின் வாதம் சாதிக்காததை எது சாதித்தது? தேசபக்தி என்று கூற நாம் துணியோம். கண்ணெதிரே ஒருயிர் அழியப் போவதைக் கண்டபோது, தன் பிள்ளை, பிறன் என்னும் வேறுபாடு அவள் உள்ளத்தில் ஒரு கணம் அற்றுப்போயிற்று. வரைபடத்தில் ஒரு புள்ளியாய் இருந்த அந்நியர், மனிதராகிவிட்டார். பின்னர், கூரைமேல் மகளைத் துரத்தும் கொலையாளியைச் சுடப் பொலிஸ் வீரன் தயங்கியபோது, துப்பாக்கியை வாங்கிச் சுட்டு வீழ்த்துபவளும் அத்தாயே. பிறர் உயிருக்காக அலறியவள் தன் குழந்தையைக் கைவிட்டாளல்லள்.

திரையில் ஒரு தாய் கற்றதைப் பிரித்தானியத் தலைவர்கள் கற்கவில்லை. 1938 செப்டெம்பர் 27 ஆம் நாள், செக்கோசிலவாக்கிய நெருக்கடியின் நடுவே வானொலியிற் பேசிய பிரதமர் சேம்பலின், தொலைதூர நாடொன்றில் நாம் ஏதும் அறியாத மக்களிடையே நிகழும் பிணக்கு என அதனைக் குறிப்பிட்டார். ஓராண்டு நிறையுமுன், 1939 செப்டெம்பர் 3 ஆம் நாள், அவரே வானொலியில் யுத்தப் பிரகடனத்தை அறிவிக்க நேர்ந்தது. பெற்றியின் வயதொத்த பிள்ளைகள் பல இலட்சம் பேர், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பெற்றோரைப் பிரிந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

தொலைவில் நிகழுங் கொடுமை நம்மைத் தீண்டாது என எண்ணுவது மனித இயல்பு. நம் வீட்டுக் கதவைத் தட்டும் வரை அதனைப் பிறர் துன்பம் என்றே கணக்கிடுகிறோம். அக்கணக்குப் பிழையென்பதற்குச் சரயேவோ ஒரு சான்று. 1939 மற்றொரு சான்று. அவ்விரண்டுக்கும் இடையில் நின்று, எழுபத்தைந்து நிமிட அளவினதான அப்படம் தன் காலத்துக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. கண்டு களித்தவர் பலர், உணர்ந்தவர் சிலரே.