ஆறு எழுதிய கணக்கு

அரிசியில் கல் அரிக்கும் வித்தையை இந்தக் காலத்தில் அநேகமாக எல்லாரும் மறந்துவிட்டார்கள். கல்லே இல்லாத அரிசி கடையில் கிடைக்கும்போது எதற்காக அரிப்பது? என் பாட்டி காலத்தில் அது தினசரி வேலை. வாயகன்ற பாத்திரத்தில் அரிசியைப் போட்டு, தண்ணீரை விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, மேலே எழும்பும் அரிசியைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்தில் சரிப்பாள். இப்படி நாலைந்து தடவை. கடைசியில் பழைய பாத்திரத்தின் அடியில் ஏழெட்டுக் கல் உட்கார்ந்திருக்கும். "கனத்தது கீழே நிக்கும், லேசானது தண்ணியோட போகும். இதுக்குப் பள்ளிக்கூடம் போகணுமாடா?" என்பாள்.

பாட்டி கல்லைத் தூர எறிந்தாள். அந்தக் கல்லுக்குப் பதில் பொன் இருந்தால்? உலகத்தில் பாதிச் சரித்திரம் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணம் எனக்குப் புன்னப்புழையின் கரையில் வந்தது. நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூர்ப் பக்கத்து மலைகளில் பிறந்து, நாடுகாணி மலைச் சரிவுக்குக் கீழே இறங்கி, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கலக்கிற புழை அது. தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் நடந்த ஒரு பொன் வேட்டையை நாவலாக எழுதலாம் என்று கிளம்பிப் போயிருந்தேன். கூடலூரில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் நண்பர் என்னை அழைத்துக்கொண்டு போனார். தேவாலாவில் இங்கிலீஷ் கம்பெனிகள் குடைந்த சுரங்கங்களின் வாய்களைக் காட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஈரமும் இருட்டும் வௌவால் நாற்றமுந்தான். "உம்முடைய நாவல் இதற்குள்ளே இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளும்" என்றார். நான் போகவில்லை.

மறுநாள் மலை இறங்கினோம். மார்கழி மாதம். புழை வற்றி, பாறைகள் முதுகைக் காட்டிக் கொண்டிருந்தன. அங்கே ஒரு கிழவி முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, குழிந்த மரத்தட்டு ஒன்றைச் சுழற்றிக் கொண்டிருந்தாள். நம் ஊரில் மரவை என்போமே, அந்த மாதிரித் தட்டு. அசல் என் பாட்டியின் கை. அதே சுழற்று, அதே சரிப்பு. கூழாங்கல் போயிற்று, வெள்ளை மணல் போயிற்று. மிஞ்சியது ஒரு பிடி கருமணல். அதையும் ஒரு விரலால் தட்டித் தட்டி ஓட்டிய பிறகு, தட்டின் ஓரத்தில் மஞ்சளாக இரண்டு புள்ளி தெரிந்தது. எறும்பின் கண் அளவு இருக்குமா என்பது சந்தேகம்.

"எப்போதும் கிடைக்குமா அம்மா?" என்று கேட்டேன். அவள் பேசிய மலையாளத்தை நண்பர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். எப்போதும் கிடைக்காதாம். கர்க்கடக மாதத்து வெள்ளம், அதாவது நம் ஆடி வெள்ளம், பெரிதாக வரவேண்டும். அது வடிய வேண்டும். வடிந்த பிறகு முதலில் யார் இறங்குகிறார்களோ அவர்களுக்கு நல்லது. வெள்ளம் வராத வருஷம் பழைய மணலையே மறுபடி அரிக்கிற பாடுதான்.

"எங்கே பார்ப்பாய்?" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். இவன் பங்குக்கு வருகிறவனா என்று யோசித்திருக்கலாம். என் வேஷ்டியையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்ததும் அந்தப் பயம் அவளுக்குத் தெளிந்திருக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டினாள். "அங்கே, புழை வளைகிறதே, அதன் உள்பக்கம். வெளிப்பக்கம் இல்லை, மோனே. அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால். பாறை வெடிப்புக்குள்ளே. புல் வேரை இழுத்து உதறினால் அதிலேயும் இருக்கும். சிறிய தோடு வந்து சேருகிறதே, அதற்குக் கொஞ்சம் கீழே."

அவள் ஐந்தே வாக்கியத்தில் சொன்னதை, ஊருக்குத் திரும்பி வந்து பூகர்ப்ப சாஸ்திரப் புத்தகங்களில் தேடினேன். அத்தனையும் அப்படியே இருந்தது. பொன், தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இரும்புக் கருமணல் சுமார் ஐந்து மடங்கு. ஆற்றுக்கு வேகம் இருக்கும் வரையில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடும். எங்கே வேகம் தளர்கிறதோ அங்கே கனத்த சுமையை முதலில் இறக்கும். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு விரைகிறது, உள்பக்கம் தயங்குகிறது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுற்றி நிற்கிறது. மணலுக்கு அடியில் இருக்கும் கெட்டிப் பாறையின் வெடிப்பில் விழுந்த பொன் மறுபடி எழுந்திருப்பதில்லை. கருமணல் எங்கே சேருகிறதோ அங்கே பொன்னும் சேரலாம், இரண்டும் கனத்த ஜாதியானபடியால். பெரிய வெள்ளம் வந்தால் பழைய படுகை கலைந்து, கரையிலுள்ள பழைய சரளையும் சரிந்து, எல்லாவற்றையும் ஆறு புதிதாக ஒரு தடவை அரித்துத் தருகிறது. ஆறே ஒரு பெரிய மரவை. மனுஷன் செய்வது அதன் மிச்ச வேலைதான்.

இந்த விஷயம் உலகத்துக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைத்தெருவில் நால்வகைப் பொன்னைச் சொல்லும் இடத்தில் சாம்பூநதம் என்று ஒன்று வருகிறது. புராணத்து நாவல் நதியில் விளைந்த பொன் என்பது அதன் பொருள். யவனர்கள் பாக்டோலஸ் ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றில் பொன் வரும் என்பது எல்லா ஜாதியாருக்கும் தெரிந்திருந்தது. எப்போது, எங்கே என்பது மட்டும் ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த சிலருக்குத்தான் தெரிந்திருந்தது.

வயநாட்டிலும் நிலம்பூரிலும் அந்தச் சிலர் பணியர்களும் குறும்பர்களும். மண் மேட்டுச் சரிவுகளில் மழைக்காலத்தில் அரிப்பார்கள். அங்கே தண்ணீர் அப்போதுதான் கிடைக்கும். ஆற்றுப் படுகையில் மழை ஓய்ந்தபின் அரிப்பார்கள்; அப்போதுதான் தண்ணீர் விலகும். பொன் யாருக்குப் போயிற்று என்று கேட்க வேண்டாம். பணியர்கள் அந்தக் காலத்தில் அடிமைகள். நிலம் கைமாறினால் அவர்களும் கூடவே கைமாறினார்கள். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. ஆனால் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து வருஷக் கூலியாகப் பிடிக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நடந்தது.

கும்பினியாருக்கு இந்தப் பொன்னின் வாசனை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே எட்டிவிட்டது. 1831-இல் மலையாளக் கலெக்டர் ஷெபீல்டு இதைப் பற்றி எழுதினார். அதே வருஷம் நிக்கல்ஸன் என்ற ராணுவ லெப்டினன்டை ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். காடும் மலைக்காய்ச்சலும் அவர்களை எதிர்கொண்டன. 1833-இல் சர்க்கார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். செலவுக்குக் கட்டாது என்று கைவிட்டார்கள். அடிமை அரித்தால் லாபம், சர்க்கார் அரித்தால் நஷ்டம்! அடிமையின் நாளுக்கு யாரும் விலை போடவில்லை என்பதைத் தவிர வேறு மர்மம் இதில் இல்லை.

பிறகு காலம் மாறியது. 1848-இல் கலிபோர்னியாவில் ஒரு மரமில்லின் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் பொன்னைக் கண்டார். 1851-இல் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணமும் திறந்துகொண்டது. அந்த இரண்டு தேசத்திலும் ஒரே பாடம்: முதலில் ஆற்று மணலில் பொன், ஆற்றோடு மேலே மேலே போனால், மலைக்குள்ளே வெள்ளைக் கல் பாளத்தில் அதன் தாய்வீடு. இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் வயநாட்டுக்கும் வந்தார்கள். மணலில் பொன் இருக்கிறது. மலையில் வெள்ளைக் கல் பாளமும் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். 1879-இல் இந்திய சர்க்கார், விக்டோரியாவில் சுரங்க இலாகாக் காரியதரிசியாக இருந்த பிரப் ஸ்மித்தை வரவழைத்தார்கள். 1880-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. நம்பிக்கை ததும்பும் அறிக்கை.

லண்டனில் கதவுகள் திறந்தன. 1880, 1881 இரண்டு வருஷத்துக்குள் வயநாட்டுப் பொன்னுக்காக முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவாயின. காகிதத்தில் எழுதிய மூலதனம் நாற்பது லட்சம் பவுனுக்கு மேல். பந்தலூர்க் காட்டில் பங்களாக்கள் எழும்பின. கல் இடிக்கும் யந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் மலையேறின.

இந்தக் கனவான்கள் எப்போது, எங்கே தோண்டுவது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? நான் நாவலுக்காகக் குறிப்பெடுத்தபோது என்னை நிறுத்தியது இந்தக் கேள்விதான். 'எப்போது' என்பதை லண்டன் பங்குச் சந்தை தீர்மானித்தது. ஜனங்கள் பங்கு வாங்கும் மோகத்தில் இருந்த காலம்; அதுவே நல்ல முகூர்த்தமாயிற்று. 'எங்கே' என்பதைக் காப்பித் தோட்டக்காரர்கள் தீர்மானித்தார்கள். வயநாட்டில் பூச்சியும் இலை நோயும் காப்பியைச் சாய்த்துவிட்டிருந்தன. கடனில் தவித்த துரைமார்களுக்குத் தங்கள் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கல் பாளம் ஓடுவது கடவுள் கண் திறந்தது போலாயிற்று. காப்பி நிலமாக விலை போகாதது, பொன் நிலமாக மலை விலைக்குப் போயிற்று. வயநாட்டில் நிச்சயமாகப் பொன் எடுத்தவர்கள் அவர்கள்தாம். மண்வெட்டியைத் தொடாமலே எடுத்தார்கள்.

மற்றவர்கள் ஏமாந்தார்கள். மேல்மட்டத்தில், மழையும் வெயிலும் காலங்காலமாக உளுக்கவைத்த கல்லில் பொன் தனித்து நின்றது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆழத்துக்குப் போனால் பொன் மிகக் குறைவு. உள்ளதும் கந்தகம் கலந்த இரும்புத் தாதுவுக்குள் ஒளிந்திருந்தது. இடித்துக் கழுவினால் தண்ணீரோடு போயிற்று. சுலபமாக எடுக்கக் கூடிய நல்ல பாகத்தைப் பெயர் தெரியாத பழைய ஜனங்கள் முன்பே எடுத்திருந்தார்கள். நாலைந்து வருஷத்துக்குள் எல்லாம் ஓய்ந்தது. சில யந்திரங்கள் பூட்டப்படாமலே காட்டில் துருப்பிடித்தன.

அதே காலத்தில், அதே மோகத்தில் பிறந்த கோலார்ச் சுரங்கம் பிழைத்துக்கொண்டதே என்று வாசகர்கள் கேட்கலாம். கோலாரில் 1802-லேயே வாரன் என்ற லெப்டினன்ட், மாரிகுப்பம், உரிகம் கிராமத்தார் மண்ணை அரித்துக் காட்டியதைப் பார்த்து எழுதி வைத்தார். எண்பது வருஷம் கழித்து, பணமெல்லாம் கரைந்து கைவிடும் சமயத்தில், பழைய ஜனங்களின் குழிக்கு அடியிலேயே தோண்டிப் போனார்கள், பாளம் கிடைத்தது. 2001-இல் மூடும் வரையில் எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் கொடுத்தது அந்தப் பூமி. கோலாரில் பழைய குழி தலைவாசல். வயநாட்டில் அதுவே கொல்லைப்புறம். எது எது என்று யந்திரத்தை வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம்.

ஆறு பொய் சொல்லவில்லை. மணலில் பொன் காட்டியது, மலையில் பொன் உண்டு என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. எவ்வளவு காலத்துச் சேமிப்பு அது என்பதை யாரும் அதனிடம் கேட்கவில்லை. லட்சக்கணக்கான வருஷம் மழை மலையைக் கரைத்து, வண்டி வண்டியாகக் கல்லையும் மண்ணையும் கடலுக்குத் தள்ளி, கனத்ததை மட்டும் குன்றிமணி குன்றிமணியாகப் படுகையில் சேர்த்திருந்தது. சிக்கனக்காரியின் அஞ்சறைப் பெட்டியில் நாலு காசைப் பார்த்துவிட்டு, புருஷன் லட்சாதிபதி என்று நினைத்தால் எப்படி? கம்பெனிகள் அப்படித்தான் நினைத்தன.

கிழவி அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருந்தாள். விடைபெறும்போது, "நாளெல்லாம் நின்றால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கச் சொன்னேன். நல்ல நாளில் ஒரு கூலி, கெட்ட நாளில் ஒன்றுமில்லை என்றாள். "பின் ஏன் வருகிறாய்?" என்று நான் கேட்டது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது. தோட்டத்தில் இந்த வயதில் வேலை கொடுக்க மாட்டார்களாம். புழை வயது கேட்பதில்லையாம்.

மலையேறித் திரும்பும்போது நண்பர், "நாவலுக்கு விஷயம் கிடைத்ததா?" என்றார். கிடைத்தது. ஆனால் நான் தேடிப்போன விஷயம் அல்ல. லண்டன் துரைகளும் பங்குப் பத்திரங்களும் என் நோட்டுப் புத்தகத்தில் ஐம்பது பக்கம் நிறைந்திருந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் அறிக்கைகளில் அச்சாகியிருக்கிறது. வளைவின் உள்பக்கம் பார், வெள்ளம் வடிந்ததும் இறங்கு என்று முதன்முதல் கண்டுபிடித்து, மகளுக்கும் பேத்திக்கும் கைமாற்றிக் கொடுத்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. நானும் கிழவியின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

அடுத்த மார்கழியில் மறுபடி போனேன், அதைக் கேட்பதற்காகவே. அந்த வருஷம் ஆடியில் நல்ல வெள்ளம். வளைவின் உள்பக்கத்தில் புது மணல் திட்டு விழுந்திருந்தது. அவளைக் காணவில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பெரியவர்களோடு வந்தவள், பாறைக்குப் பின்னால் குந்தியிருந்து மரத்தட்டைச் சுழற்றிக் கொண்டிருந்தாள். அதே கை.